ஜொகூர் ஊர்ப்பெயர்களின் கதை: கழிமுகத்தில் பிறந்த மாவட்டம்

குளுவாங் மாவட்டத்தில் எட்டு முக்கிம்கள், அதாவது உட்பிரிவுகள். குளுவாங், காஹாங், மாச்சாப், நியோர், பாலோ, ரெங்கம், லாயாங் லாயாங், உலு பெனுட். இந்த எட்டில் ஒன்றுக்கும் கடற்கரை கிடையாது. ஜொகூருக்கு மூன்று பக்கமும் கடல். அப்படிப்பட்ட மாநிலத்தின் நட்டநடுவில் கடல் காணாத மாவட்டமாகக் குளுவாங் உட்கார்ந்திருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் பாலோ.

சென்ற பகுதியில் பாலோ ரயில் நிலையத்தைச் சுற்றி வந்தோம். இந்தப் பகுதியில் அங்கிருந்து கிழக்கே போகலாம். குளுவாங், காஹாங், ஜெமாலுவாங் என்று சாலை நீண்டு, கடைசியில் தென்சீனக் கடலில் போய் முட்டுகிறது. அங்கே இருப்பது மெர்சிங் மாவட்டம். ஏறக்குறைய 2,800 சதுர கிலோமீட்டர் பரப்பு. காடு, செம்பனை, மீன்பிடிக் குப்பங்கள், கரைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் தீவுகள். பெரிய நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாட்டுப்புறக் கடற்கரைக்குப் பெயர்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் படிக்க ஜொகூரில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கருத்து.

முதலில் பாலோ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்துக்கு, சதுப்புக்கு, மலாயில் பாலோ என்று பெயர். இன்றைய எழுத்து முறையில் அதைப் பாலுஹ் என்று எழுதுகிறார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் வடகிழக்குக் கரையில் டெலி செர்டாங் பகுதிக்குப் போனால், கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகளுக்கும் அவற்றின் கரையிலுள்ள ஊர்களுக்கும் இதே சொல்தான் வழங்குகிறது. பாலுஹ் குராவ், பாலுஹ் மெர்பாவ் என்று பல ஊர்கள். ஆக, கரையோரத்தில் புழங்கும் ஒரு சொல் ஜொகூரின் உள்நாட்டில் கடல் தெரியாத ஒரு பள்ளத்துக்கும் பெயராக இருக்கிறது. நீரோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. அவர்கள் வந்த வழியும் நீர்வழிதான்.

இன்றைக்கு நமக்குப் பாலோ என்றால் ரயில் நினைவுக்கு வருகிறது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 1909-ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, சாமெக், நியோர், குளுவாங் என்று அந்தத் தண்டவாளம்தான் இந்த ஊர்களை ஒரு சரமாகக் கோத்தது. குளுவாங் என்ற நிர்வாக நகரமே அதற்குப் பிறகு, 1915 வாக்கில் உருவானதுதான். ஆகவே ரயிலுக்கு முன்னால் இந்த உள்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. ரயிலுக்கு முன்னால் இங்கே ஆறுகள் இருந்தன. ஆறுகளுக்குப் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களை வைத்தவர்கள் இருந்தார்கள்.

1847-இல் ஜே. ஆர். லோகன் என்ற பினாங்கு வழக்கறிஞர் ஜொகூரின் உள்நாட்டு மக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தாமே நடத்திய இந்தியத் தீவுக்கூட்ட ஆய்விதழில் அதை வெளியிட்டார். பினுவா என்று அவர் அழைத்த அந்த மக்களின் வழித்தோன்றல்களை இன்று நாம் ஜக்குன் ஓராங் அஸ்லி என்று அறிகிறோம். லோகனின் கட்டுரையில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. அவர் அந்த மக்களை ஊர் வாரியாக அடையாளம் காட்டவில்லை. ஆறு வாரியாகக் காட்டுகிறார். எண்டாவ் ஆற்றுக்காரர்கள், செம்புரோங் ஆற்றுக்காரர்கள், பெனுட் ஆற்றுக்காரர்கள் என்று. அந்தக் காலத்து ஜொகூரில் ஒரு மனிதனின் முகவரி அவனுடைய ஆறுதான்.

செம்புரோங் என்ற பெயரை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஜொகூர் வரைபடத்தில் செம்புரோங் என்ற பெயரில் இரண்டு ஆறுகள் இருக்கின்றன. ஒன்று ஆயர் ஈத்தாம் பக்கமாக மேற்கே ஓடி, சிம்பாங் கானானோடு சேர்ந்து, பத்து பகாட் ஆறாகி மலாக்கா நீரிணையில் விழுகிறது. இன்னொன்று குளுவாங் பக்கத்து நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடி, எண்டாவ் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. குளுவாங் நகருக்குள் ஓடும் மெங்கிபோல் ஆற்றின் நீரும் இந்தக் கிழக்குச் செம்புரோங் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஒரே பெயரில் இரண்டு ஆறுகள், எதிரெதிர் கடல்களுக்கு.

இது வரைந்தவர்களின் பிழை அல்ல. அந்த இரண்டு ஆறுகளின் தலைப்பகுதிகளும் நெருங்கி வரும் தாழ்ந்த நிலத்தில், படகை ஒன்றிலிருந்து கரையேற்றி மற்றொன்றில் இறக்கித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தார்கள். மலாக்காக் கரையிலிருந்து மூவார் வழியாகப் பகாங்குக்குப் போன பெனாரிக்கான் பாதை பலருக்குத் தெரியும். அதற்குத் தெற்கே இருந்த செம்புரோங் பாதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அப்படிக் கடந்தவர்களுக்கு அது ஒரே வழி. அதனால் இரண்டு பக்கமும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். இன்றும் மெர்சிங் மாவட்டத்தில் செம்புரோங் என்று ஒரு முக்கிம் இருக்கிறது. பாலோ அடங்கிய நாடாளுமன்றத் தொகுதியின் பெயரும் செம்புரோங்தான். ஒரு பழைய படகுப் பாதையின் பெயர் வாக்குச்சீட்டு வரை வந்திருக்கிறது.

இப்போது கடலுக்கு வருவோம்.

மெர்சிங் கரைக்கு எதிரே உள்ள தீவுகள், கரையை விட வெகு முன்னதாகவே உலகத்துக்குத் தெரிந்தவை. 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூல் ஒன்றில், சீனத்துக்குப் போகும் கப்பல்கள் குடிநீர் பிடிக்கும் இடமாகத் தியூமா என்ற பெயர் வருகிறது. அது இன்றைய தியோமான். செங் ஹோவின் கப்பற்படை 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழியே போய் வந்தது. அந்தப் பயணங்களை ஒட்டி வரையப்பட்ட சீன வரைபடத்தில் அவுர் தீவு, கிழக்கு மூங்கில் மலை என்றும் மேற்கு மூங்கில் மலை என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. அவுர் என்ற மலாய்ச் சொல்லும் மூங்கிலைத்தான் குறிக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தீவைப் பார்த்து ஒரே பெயரைச் சொன்னார்களா, ஒருவர் சொன்னதை மற்றவர் பெயர்த்துக்கொண்டார்களா என்பது தனி ஆராய்ச்சி. திங்கி தீவுக்குச் சீன மாலுமிகள் வைத்த பெயர் தளபதியின் தொப்பி. கடலிலிருந்து பார்த்தால் கூம்பாக எழுந்து நிற்கும் மலை அது. மலாய்க்காரர்கள் அதையே உயரம் என்ற பொருளில் திங்கி என்றார்கள்.

நம் முன்னோரும் இப்படித்தான் பெயர்களைப் பதிந்தார்கள். முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, கடல் கடந்த ஊர்களை வெறுமனே அடுக்கிக்கொண்டு போவதில்லை. ஊருக்கு ஓர் அடையாளம் சேர்த்தே சொல்கிறது. மாயிருடிங்கத்தைச் சொல்லும்போது, ஆழமான கடலே அதைச் சுற்றி அகழியாகக் கிடப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஜொகூர்க் கரை இல்லை. ஆனால் கப்பலில் வருகிறவன் கண்ணுக்கு எது முதலில் படுகிறதோ அதுவே அடையாளமாகிறது என்ற முறை ஒன்றுதான்.

அவுர் தீவு ஐரோப்பியர் ஏடுகளிலும் இடம்பிடித்தது. 1804 பிப்ரவரி 14, 15 தேதிகளில் இந்தத் தீவுக்கருகே ஒரு விசித்திரமான கடற்போர் நடந்தது. கான்டனிலிருந்து தேயிலையும் பட்டும் ஏற்றி வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல் கூட்டத்தை, பிரெஞ்சுத் தளபதி லினுவா போர்க்கப்பல்களோடு மறித்தார். வணிகக் கப்பல்களின் தலைவர் நத்தானியல் டான்ஸ், தம் கப்பல்கள் சிலவற்றில் போர்க்கப்பற்படையின் கொடியை ஏற்றி, அணிவகுத்து எதிர்த்து நின்றார். போர்க்கப்பல்கள் காவலுக்கு இருக்கின்றன என்று நம்பிய லினுவா பின்வாங்கினார். டான்ஸுக்குச் சர் பட்டம் கிடைத்தது. பம்பாய்க் காப்பீட்டு நிறுவனம் 5,000 பவுன் பரிசளித்தது. லண்டன் முதல் பம்பாய் வரை அவுர் என்ற பெயர் பேசப்பட்ட அந்த நாளில், எதிரே உள்ள கரையின் பெயர் வெளியுலகில் யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

கரைக்குப் பெயர் தேவைப்பட்டது எல்லைத் தகராறு வந்தபோதுதான். பகாங்கில் 1857 முதல் 1863 வரை அரியணைச் சண்டை. அதில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் ஒரு பக்கம் சாய்ந்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த வான் அகமட் வென்றார். போர் முடிந்தும் பகாங்குக்கும் ஜொகூருக்கும் இடையே கோடு எங்கே என்ற கேள்வி தீரவில்லை. 1868-இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டு தீர்ப்புச் சொன்னார். எண்டாவ் ஆறு எல்லை. ஆற்றுக்கு வடக்கே பகாங், தெற்கே ஜொகூர். கடலில் உள்ள தீவுகளும் இதே கணக்கில் பிரிந்தன. வடக்கே உள்ள தியோமான் பகாங்குக்கு. தெற்கே உள்ள பெமாங்கில், அவுர், திங்கி, சிபு எல்லாம் ஜொகூருக்கு.

இந்தத் தீர்ப்பின் விளைவை இன்றும் மெர்சிங் படகுத்துறையில் காணலாம். தியோமானுக்குப் போகிறவர்களில் பலர் கூடும் இடம் அது. தீவு ஒரு மாநிலம், துறை ஒரு மாநிலம். படகு புறப்படும் நேரத்தை ஓதம் தீர்மானிக்கிறது. மெர்சிங் ஆற்றின் வாய் ஆழமில்லாதது. நீர் இறங்கினால் படகு தரை தட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் தீவுகள் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். கழிமுகம் இந்த ஊருக்கு வாழ்வையும் பெயரையும் கொடுத்தது. ஊர் வளர்வதற்கு எல்லை வகுத்ததும் அதே கழிமுகம்தான். ஆழமான வாய் இருந்திருந்தால் மெர்சிங் ஒரு துறைமுக நகரமாகியிருக்கும்.

தீர்ப்பு எண்டாவ் ஆற்றைப் பற்றியது. ஆகவே அரசுப் பதிவுகளில் இந்தக் கிழக்குக் கரை முழுவதும் எண்டாவ் மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆலோசகர் கால ஆண்டறிக்கைகளிலும் அந்தப் பெயர்தான். மாவட்ட அதிகாரி உட்கார்ந்த இடம் மெர்சிங்காக இருந்தும், காகிதத்தில் எண்டாவ் நீடித்தது. பிற்பாடு அலுவலகம் இருந்த ஊரின் பெயரே மாவட்டத்தின் பெயராகிவிட்டது. ஜொகூரில் இது ஒரே ஒரு முறை நடந்ததல்ல. தென்மேற்குக் கரையில் குக்குப் என்ற பெயரில் இருந்த மாவட்டம் இதே போலப் பொந்தியான் ஆனது. இரண்டு இடத்திலும் ஒரு கழிமுகத்தின் பெயர் போய் இன்னொரு கழிமுகத்தின் பெயர் வந்திருக்கிறது.

மெர்சிங் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கரையில் முன்னொரு காலத்தில் ஒரு சீக்கியர் இருந்தார், அவர் பெயர் மெர் சிங் அல்லது அமீர் சிங், அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது என்று. சுற்றுலா வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. இந்தியர் ஒருவரின் பெயரில் ஒரு மாவட்டம் என்றால் நமக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் என்னால் இதை ஏற்க முடியவில்லை. சரவாக்கின் உள்நாட்டுக் காட்டில் புக்கிட் மெர்சிங் என்று ஒரு மலை இருக்கிறது. நிலவியலாளர்கள் நன்கு அறிந்த மலை அது. அங்கே எந்தச் சீக்கியர் போய்ப் பெயர் வைத்தார்? மேலும், இந்தக் கரையில் எண்டாவ், ஜெமாலுவாங், செடிலி என்று ஊர்கள் எல்லாம் ஆற்றின் பெயரையே தாங்கியிருக்கின்றன. மெர்சிங்கும் ஓர் ஆற்றின் பெயர். ஆள் பெயர் ஓர் ஊருக்கு வரலாம், சந்தைக்கு வரலாம். மலாய் உலகில் ஆறு தன் பெயரை இவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. கதை இனிமையாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறாக்கக் கூடாது.

இதே போன்ற கதைகள் மற்ற ஊர்களுக்கும் உண்டு. மலாக்காவைத் தாக்க வந்த சயாமியப் படைவீரர்கள் குடிநீருக்காகப் பாறையைச் செதுக்கியதால் பத்து பகாட் என்கிறார்கள். மலாக்கா விழுந்தபின் தப்பி வந்த பெண்டஹாரா ஆற்று நீரைக் குடித்துவிட்டு எவ்வளவு குளிர்ச்சி என்று வியந்ததால் சிகாமட் என்கிறார்கள். பத்து பகாட் ஆற்றுக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் ரியோ பொர்மோசோ, அதாவது அழகிய ஆறு. லோகன் காலம் வரை அந்தப் பெயரும் கூடவே ஓடி, பிறகு மறைந்தது.

பெயர் மாற்றத்துக்கு இந்த மாவட்டத்துத் தீவுகளே நல்ல சான்று. மெர்சிங்கில் தீவுகளே முக்கிம்களாக இருக்கின்றன. அவுர், பெமாங்கில், திங்கி, சிபு, பாபி என்று. இதில் பாபி என்றால் பன்றி. பாபி பெசார், பாபி தெங்கா, பாபி ஊஜோங் என்று மூன்று தீவுகள் இருந்தன. சுற்றுலா வளர்ந்தபோது முன்னொட்டு உதிர்ந்தது. இன்று அவை பெசார், தெங்கா, ஊஜோங். முக்கிம் பதிவில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது. இந்தத் தெங்கா தீவில்தான் 1970-களின் இறுதியில் வியட்நாமிலிருந்து படகேறி வந்த அகதிகளுக்கு முகாம் இருந்தது. உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் நினைவில் அந்தத் தீவுக்கு என்ன பெயரோ, அதை எந்த வரைபடமும் பதிந்து வைக்கவில்லை.

ஜப்பானியர் காலத்தில் எண்டாவுக்கு வேறொரு பெயர் வந்து போனது. 1942 சனவரி 26-இல் ஜப்பானியர் எண்டாவில் தளவாடங்களை இறக்கினார்கள். குளுவாங், காஹாங் விமானத் தளங்களுக்கான பொருள்கள் அவை. கரையும் உள்நாடும் எவ்வளவு நெருங்கியவை என்று அன்று தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து பழைய இரட்டை இறக்கை விமானங்கள் தாக்கப் போய்ப் பெருத்த இழப்போடு திரும்பின. மறுநாள் விடியும் முன்னரே தானெட் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் எண்டாவ் கடலில் மூழ்கியது. அதே இரவில் மெர்சிங்குக்கும் ஜெமாலுவாங்குக்கும் இடையே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர் இப்படி ஆஸ்திரேலியப் போர் வரலாற்றில் ஏறியது. அடுத்த ஆண்டு, உணவுப் பஞ்சத்தில் தவித்த சிங்கப்பூரிலிருந்து சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து எண்டாவ் காட்டில் குடியேற்றினார்கள். அந்தக் குடியேற்றத்துக்கு நியூ சியோனான் என்று பெயர். சியோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர். ஏறத்தாழ 12,000 பேர் வரை அங்கே வாழ்ந்தார்கள். 1945-இல் போர் முடிந்தது. பெயரும் கலைந்தது.

வைத்தவர்கள் போனதும் அழிந்த பெயர்கள் ஒரு வகை. தங்கிய பெயர்கள் இன்னொரு வகை. எவை தங்கின என்று பார்த்தால், உழைப்பும் உரிமையும் சேர்ந்து பதிந்த பெயர்களே தங்கின.

1844 முதல் ஜொகூர் தெமெங்கோங் சீனத் தலைவர்களுக்குச் சூராட் சுங்கை என்ற ஆவணத்தைக் கொடுத்தார். சுங்கை என்றால் ஆறு. இன்ன ஆற்றங்கரையில் மிளகும் கம்பீரும் பயிரிடலாம் என்ற உரிமைப் பத்திரம் அது. நிலத்தை ஏக்கரில் அளக்காமல் ஆற்றால் அளந்த ஏற்பாடு. உரிமை பெற்றவர் காங்சூ. படகு ஏறும் துறையில் அவர் அமைத்த குடியிருப்பு காங்கார். 1917-இல் காங்சூ முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனால் காங்கார் புலாய், காங்கார் தெப்ராவ் என்று பெயர்கள் இன்றும் நிற்கின்றன. மேற்குக் கரையில் ஜாவாக்காரர்களும் பஞ்சார்காரர்களும் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலுக்குப் பாரிட் என்று பெயர். பாரிட் ராஜா, பாரிட் ஜாவா, பாரிட் சூலோங் என்று நூற்றுக்கணக்கான ஊர்கள். மெர்சிங் பக்கம் பிற்காலத்தில் பெல்டா நிலக் குடியேற்றத் திட்டம் வந்தது. தெங்காரோ, நித்தார் என்று ஆற்றுப் பெயரை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார்கள். எண் போட்ட பெயரும் பெயர்தான். அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடப் பலகையில் இருக்கிறது.

நம்மவர்கள் வைத்த பெயர்கள் எங்கே?

ரயில் பாதையில் வேலை செய்தவர்களிலும், பாலோவிலும் சாமெக்கிலும் நியோரிலும் பால்மரக் காட்டை ஆளாக்கியவர்களிலும் தமிழர்கள் பெருந்திரளாக இருந்தார்கள். அவர்கள் பெயர் வைக்காமல் இருக்கவில்லை. சாலையோரத்து மைல்கல்லைக் கட்டை என்றார்கள். மூணாங்கட்டை, எட்டாங்கட்டை, பதினாறாங்கட்டை என்று மலாயா முழுவதும் ஊர்கள் பிறந்தன. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் நாவில் ஒட்டாதபோது, துரையின் குணத்தை வைத்தோ, பெரிய கங்காணியின் பேரை வைத்தோ, கோயில் வாசலில் நின்ற மரத்தை வைத்தோ தாங்களே ஒரு பேர் சூட்டிக்கொண்டார்கள். பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று தோட்டத்துக்குள்ளேயே ஒரு முழு வரைபடம் இருந்தது. அந்த வரைபடத்தில் வழி கேட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் வழி சொல்வார்கள். அளவைத் துறையின் வரைபடத்தில் அதில் ஒன்றுகூட இல்லை.

இதற்குக் காரணம் கண்கூடானது. காங்சூவிடம் பத்திரம் இருந்தது. பாரிட் வெட்டியவனுக்கு நிலம் கிடைத்தது. பெல்டா குடியேற்றக்காரருக்கு வீடும் தோட்டமும் கிடைத்தன. லயத்தில் வாழ்ந்தவனுக்கு வேலை மட்டுமே இருந்தது. வேலை போன அன்று வீடும் போனது. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, அதைத் தடுக்கவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சந்தாப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். பெரிய முயற்சி. ஆனாலும் அதன் கைக்கு எட்டாத தோட்டங்களே அதிகம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிபட்டன. மக்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தார்கள். பெயரைச் சொல்ல ஆள் இல்லாதபோது பெயர் எங்கே நிற்கும்? பல இடங்களில் மாரியம்மன் கோயில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கோயிலும் இடம் மாறினால் அதுவும் போய்விடும்.

பெயர்கள் தப்பிய இடமும் உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர்ப் பகுதி 1993-இல் அறிவிக்கப்பட்டது. காஹாங் வழியாக உள்ளே போகலாம். பேத்தா கிராமத்து ஜக்குன் மக்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். புவாயா சங்குட் என்ற பேரருவியின் பெயர் சிக்கிக்கொண்ட முதலை என்று பொருள்படும். அதற்கொரு கதை அவர்களிடம் உண்டு. லோகன் 1847-இல் ஆற்றின் பெயரால் குறித்த மக்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் காட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள பெயரை இன்னும் வாயில் வைத்திருக்கிறார்கள். வரைபடம் வரைந்தவர்கள் அவர்களைக் கேட்டார்கள். அதனால் அந்தப் பெயர்கள் பூங்காவின் வரைபடத்தில் ஏறின. நம்மிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்கவும் நமக்கு நேரமில்லை.

பாலோ, சாமெக், நியோர், காஹாங், ஜெமாலுவாங் பகுதிகளில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியோ, அப்பா அம்மாவோ இன்னும் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்துக்குத் தமிழில் என்ன பேர், எத்தனையாவது கட்டை, டிவிஷன்களை எப்படி அழைத்தார்கள், குளித்த ஓடைக்கு என்ன பேர், சுடுகாட்டுக்குப் போகும் பாதைக்கு என்ன பேர். ஒரு வெள்ளைத் தாளில் தோட்டத்தின் படத்தைக் கையால் போட்டு, ஒவ்வொரு பேரையும் அதனதன் இடத்தில் எழுதி, பக்கத்தில் ஆண்டையும் குறித்து வையுங்கள். ஒரு பிரதி கோயில் நிர்வாகத்திடம் இருக்கட்டும், ஒரு பிரதி பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.

அடுத்த பகுதியில் மேற்கே திரும்பி, பத்து பகாட் ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போவோம்.